அழிக்காமல் சரிசெய்யுங்கள்: கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருப்பவர் முதல், சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸும் லேமினேஷனும் பார்த்துக்கொண்டே லேப்டாப்பும் சரிசெய்து கொடுப்பவர் வரை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் வேலை பழகும் பிள்ளைகளும் படிக்க வேண்டும். வயதானவர்களுக்கும் சிறு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் கணினி சொல்லிக்கொடுப்பது என் தொழில். அவர்களுடைய கணினி மக்கர் செய்தால் நேரே உங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திரும்பி வரும் கணினியில் எது இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று முதலில் பார்ப்பது பெரும்பாலும் நான்தான்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. “பிடிஎஃப் திறக்கல”, “மெயில் ஐடியைத் தொட்டா ஒண்ணும் ஆகல”, “ஐகான் எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சு” என்று ஒருவர் வந்து நின்றால், ஃபார்மேட் அடிக்காதீர்கள். இந்த மூன்றிலும் கணினிக்கு எந்தக் கோளாறும் இல்லை. எந்தக் கோப்பை எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பதிவில் ஒரு வரி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் பெயர்ப்பலகை மாறித் தொங்குகிறது என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை.

இந்தப் பதிவு எப்படி வேலை செய்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வேலை பழகுபவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோப்பை இரட்டைக் கிளிக் செய்ததும் விண்டோஸ் அதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாலை மட்டும் பார்க்கிறது. அந்த வாலுக்கு இந்தப் பயனர் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று ரெஜிஸ்ட்ரியில் தேடுகிறது. அங்கே ‘யூசர் சாய்ஸ்’ என்ற பெயரில் ஒரு குறிப்பு இருந்தால் அதுதான் இறுதி முடிவு. இல்லையென்றால் கணினி முழுவதற்குமான பொதுப் பதிவுக்குப் போகிறது. மின்னஞ்சல் முகவரிக்கும் இதே கதைதான். இணையப் பக்கத்தில் அடிக்கோடிட்டுத் தெரியும் முகவரிக்குப் பின்னால் ‘மெயில்டூ’ என்று தொடங்கும் இணைப்பு இருக்கிறது. மெயில்டூ என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அந்தப் பயனரின் பதிவிலேயே இருக்கிறது.

‘அந்தப் பயனரின்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதிலிருந்தே உங்களுக்கு ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. அதே கணினியில் புதிதாக ஒரு யூசர் கணக்கைத் தொடங்கி, அதற்குள் நுழைந்து, அதே கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் திறந்தால் விண்டோஸ் நன்றாக இருக்கிறது, மென்பொருளும் நன்றாக இருக்கிறது, பழைய கணக்கின் ஒரு பதிவு மட்டும் கெட்டிருக்கிறது என்று பொருள். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற சோதனை இது. விண்டோஸ் 7 காலத்தில் டெஸ்க்டாப்பில் இருக்கும் எல்லா ஐகானும் ஒரே இரவில் நோட்பேட் ஆகவோ மீடியா பிளேயர் ஆகவோ மாறி, எதைத் தொட்டாலும் அதுவே திறந்த கணினிகள் நிறைய வந்தன. வைரஸ் என்று முடிவு கட்டி அவற்றில் எத்தனையோ கணினிகளை அழித்தார்கள். ஷார்ட்கட்டுகளுக்கு எல்என்கே என்ற வால் உண்டு. யாரோ ஒரு ஷார்ட்கட்டின் மேல் ‘ஓப்பன் வித்’ கொடுத்து ஏதோ ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருப்பார். எல்என்கே வாலுக்கான அந்த யூசர் சாய்ஸ் குறிப்பை நீக்கிவிட்டு லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தால் பழையபடி ஆகிவிடும்.

இதையெல்லாம் வாடிக்கையாளர் தாமாகக் கெடுத்துக்கொண்டார் என்று நினைத்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பல நேரம் அவர் எதையுமே தொட்டிருக்க மாட்டார். ஒரு மென்பொருளை நிறுவும்போது எல்லா வால்களையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் 2012-ல் வந்த விண்டோஸ் 8, யூசர் சாய்ஸ் குறிப்போடு ஒரு ஹாஷையும் சேர்த்து எழுதத் தொடங்கியது. பயனர் தாமே தேர்ந்தெடுத்தால்தான் அந்த ஹாஷ் பொருந்தும். வேறு மென்பொருள் நேரடியாகப் பதிவை மாற்றினால் பொருந்தாது. விண்டோஸ் உடனே அதைத் தள்ளிவிட்டுத் தன் விருப்பப்படி ஒன்றை வைத்துவிடும். “டிஃபால்ட் ரீசெட் ஆகிவிட்டது” என்று மூலையில் ஓர் அறிவிப்பு வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். யூடியூபில் ஒருவர் கொடுத்த ரெஜிஸ்ட்ரி கோப்பை இறக்கி ஓட்டினால், சரியாவதற்குப் பதில் டிஃபால்ட் எட்ஜுக்குத் தாவுவதன் காரணமும் இதுதான். 2024 தொடக்கத்து அப்டேட்டுகளோடு யூசிபிடி என்ற காவல் டிரைவரும் வந்துவிட்டது. பிடிஎஃப்புக்கும் இணைய முகவரிகளுக்கும் உரிய பதிவுகளை வெளியிலிருந்து மாற்ற அது விடாது. ஆகவே பழைய ரெஜிஸ்ட்ரி வித்தைகளை இவற்றின்மேல் பிரயோகித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் நடந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வெளியானபோது, மேம்படுத்தியவர்களின் பிரவுசர் தேர்வு கண்ணுக்குத் தெரியாமல் எட்ஜுக்கு மாறியது. மொஸில்லாவின் அன்றைய தலைவர் கிறிஸ் பியர்ட் அதைக் கண்டித்து மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்கு வெளிப்படையாகக் கடிதமே எழுதினார். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இன்னும் ஒருபடி போய், பிரவுசரை மாற்ற ஒவ்வொரு வாலையும் ஒவ்வொரு இணைப்பு வகையையும் தனித்தனியாக மாற்றும்படி வைத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022-ல் ஒரே பொத்தானில் முடியும்படி செய்தார்கள். நம் ஊரில் பிடிஎஃப்பையும் மெயில்டூவையும் இன்றும் தனியாகத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்ட இடத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் “நான் என்ன தப்பு பண்ணினேன்னு தெரியலப்பா” என்று உங்கள் முன் கூசி நிற்கிறார். “நீங்க ஒண்ணும் பண்ணலம்மா” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம் இதுதான். “மெயில் போகல” என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் குறைந்தது மூன்று வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம்.

முதலாவது, முகவரியைத் தொட்டால் ஒன்றும் நடக்காதது, அல்லது அவர் ஒருநாளும் பயன்படுத்தாத அவுட்லுக் எழுந்து வந்து கணக்கு விவரம் கேட்பது. அவர் ஜிமெயிலைக் குரோமில் திறந்து பார்ப்பவராக இருப்பார். இதற்கு இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும், ஓரிடத்தோடு நிறுத்திவிட்டால் வேலை முடியாது. செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், விண்டோஸ் 11 என்றால் மேலே உள்ள பெட்டியில் மெயில்டூ என்று தட்டி, அதற்குக் குரோமைக் கொடுங்கள். பிறகு குரோமில் ஜிமெயிலைத் திறந்தால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாய்சதுரம் போட்ட சின்னம் தெரியும். அதைத் தொட்டு அனுமதி கொடுங்கள். சின்னம் தெரியாவிட்டால், முன்பு யாரோ ‘வேண்டாம்’ கொடுத்திருக்கிறார்கள். குரோமின் சைட் செட்டிங்ஸில் புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ் என்ற பகுதியில் போய் அந்த மறுப்பை நீக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் அதன் செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் மெயில்டூவுக்கு எதிரே ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டாவது, கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘சென்ட் டூ, மெயில் ரெசிபியன்ட்’ கொடுத்தாலோ, ஸ்கேனர் மென்பொருளில் மெயில் பொத்தானை அழுத்தினாலோ, “இதைச் செய்ய மின்னஞ்சல் நிரல் எதுவும் இல்லை” என்று வரும் பெட்டி. மேலே சொன்ன மருந்து இதற்குப் பலிக்காது. இது மெயில்டூ வழியாகப் போவதில்லை, மேப்பி என்ற பழைய ஏற்பாட்டின் வழியாகப் போகிறது. பிரவுசரில் திறக்கும் ஜிமெயிலுக்கு மேப்பி தெரியாது. கணினியிலேயே நிறுவிய மெயில் மென்பொருள் ஒன்று வேண்டும். விண்டோஸோடு கூடவே வந்துகொண்டிருந்த மெயில் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2009-ல் விண்டோஸ் 7-லிருந்து எடுத்துவிட்டது. தனியாக இறக்கிக்கொள்ளக் கொடுத்த லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-ல் இருந்த மெயில் ஆப் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஆகையால் அவருக்கு இந்த வசதி உண்மையிலேயே வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் தண்டர்பேர்டு போன்ற ஒன்றை நிறுவி அதை டிஃபால்ட்டாக வையுங்கள். வேண்டாம் என்றால், ஜிமெயிலில் கோப்பை இணைப்பது எப்படி என்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள், அதுவே போதும். அவுட்லுக் இருந்தும் அந்தப் பெட்டி வருகிறதென்றால், கூப்பிடும் மென்பொருள் 32 பிட்டும் அவுட்லுக் 64 பிட்டுமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதுக்கும் டிஃபால்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அதே பெயரில்தான் வரும். மெயில் மென்பொருள் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கும், சரியானதைக் கொடுத்தாலும் ஏற்காது. கூகுள் 2022 மே 30 முதல் வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வரும் பழைய முறையை நிறுத்தியது. பழைய பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு அன்று முதல் மெயில் நின்றுபோனது. மென்பொருளைப் புதுப்பித்து, கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வழியாக நுழையும்படி கணக்கை மாற்றினால் தீர்ந்தது. கணினியை அழித்துப் பழைய பதிப்பையே மறுபடி போட்டால் அதே கதவில்தான் போய் முட்ட வேண்டும்.

அழித்தால் என்ன போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய அச்சகம் நடத்துகிறார். மெயிலில் வரும் பிடிஎஃப் எல்லாம் வேறு ஏதோ மென்பொருளில் திறந்து கோணல்மாணலாகத் தெரிந்தது. எடுத்துக்கொண்டு போன கடையில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றையும் பத்திரமாகப் பிரதி எடுத்துவிட்டுத்தான் ஃபார்மேட் அடித்தார்கள். கவனமாகத்தான் செய்தார்கள். ஆனால் அவர் மெயில் பார்த்தது தண்டர்பேர்டில். அது தன் கடிதங்களை ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள் வைக்கிறது, அந்தக் கோப்புறை சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது. கணக்கும் பாப் முறையில் இருந்தது. கடிதம் கணினிக்கு இறங்கிய கொஞ்ச நாளில் சர்வரிலிருந்து அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். பல வருட ஆர்டர்கள், வாடிக்கையாளர்கள் ஒப்புதல் கொடுத்த பதில்கள், பணம் வர வேண்டிய இடங்களுக்கு எழுதிய நினைவூட்டல்கள் எல்லாம் அன்றோடு போயின. உலகத்தில் வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை. பிடிஎஃப் மட்டும் சரியாகத் திறந்தது. ரைட் கிளிக், ஓப்பன் வித், ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்று மூன்று தட்டில் அது முதலிலேயே திறந்திருக்கும்.

அந்தக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று தட்டில் சரிசெய்து கொடுத்தால், “இதுக்கா காசு?” என்று கேட்பவர்களே அதிகம். ஒருநாள் வைத்திருந்து, விண்டோஸ் போட்டு, டிரைவர் போட்டுக் கொடுத்தால் கேட்ட தொகையைத் தருகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் உழைப்புக்குத்தான் கூலி என்ற வழக்கம் உங்களை அழிக்கும் பக்கமாகத் தள்ளுகிறது. இதில் தவறு எங்கள் பக்கம், அதாவது வாடிக்கையாளர் பக்கம். ஆகவே உங்களிடம் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். பார்த்துச் சொன்னதற்குக் கூலி வாங்குங்கள். பலகையில் எழுதியே வையுங்கள்: “கோளாறு கண்டறிய இவ்வளவு.” ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் அந்தத் தொகையைக் கேளுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நீங்கள் செலவழித்த வருடங்களுக்கான கூலி அது. என் வகுப்பில் இருப்பவர்களிடம் நான் இதைச் சொல்லி அனுப்புகிறேன்: அழிக்காமல் சரிசெய்து கொடுத்தவருக்கு அழித்துச் சரிசெய்தவரைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கொடுங்கள்.

உங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படம் ஏற்ற வருபவரின் படம் ஜேஎஃப்ஐஎஃப் என்ற வாலோடு இருக்கும், தளம் ஜேபிஜி கேட்டு அடம்பிடிக்கும். கடைசி நாளாக இருந்தால் அழுதுவிடுவார்கள். உள்ளே இருப்பது ஜேபெக் படமேதான். வாலை ஜேபிஜி என்று மாற்றினாலே தளம் ஏற்றுக்கொள்ளும். பிரவுசரில் சேமிக்கும் படமெல்லாம் அப்படியே வருகிறதென்றால், ரெஜிஸ்ட்ரியின் கிளாசஸ் ரூட்டுக்குள் மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப், இமேஜ் ஜேபெக் என்று இறங்கி, அங்கே எக்ஸ்டென்ஷன் என்ற இடத்தில் உள்ளதை ஜேபிஜி ஆக்குங்கள். ஆனால் பிஎன்ஜி படத்தின் வாலை ஜேபிஜி என்று மாற்றினால் படம் மாறாது, பெயர் மட்டுமே மாறும். பெயின்ட்டில் திறந்து வேறு வகையாகச் சேமிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு சில நேரம் வாலே இல்லாமல் நிற்கும். எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்க, பயனர் எதையோ தொட, குழப்பம் கூடும். நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். சதவீதக் குறியும் அதை அடுத்துப் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ஜிப், அல்லது ஜிப் வடிவிலேயே கட்டப்பட்ட புதிய வேர்டு, எக்செல் கோப்பு. ஜிப் வடிவை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வின்மெயில் டாட் என்ற பெயரில் வரும் இணைப்பைத் திறக்க முடியாமல் வருபவருக்கு அவர் கணினியில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அனுப்பியவரின் அவுட்லுக் ‘ரிச் டெக்ஸ்ட்’ முறையில் அனுப்பியிருக்கிறது. எச்டிஎம்எல் முறைக்கு மாற்றி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

உங்களிடம் வரும் எந்தக் கணினியிலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், நீங்கள் செய்து அனுப்ப வேண்டியது என்று நான் நினைப்பது ஒன்று உண்டு: கோப்புகளின் வாலைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். எக்ஸ்ப்ளோரரின் வியூவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். விண்டோஸ் 95 காலம் தொட்டு இந்த வால் மறைந்தே வருகிறது. 2000 மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் மெயில் வந்து உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கியது இந்த மறைவைப் பயன்படுத்தித்தான். இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த விபிஎஸ் என்ற உண்மையான வால் தெரியவில்லை. காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்களின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இன்றைக்கும் பில், கூரியர் ரசீது, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் அதே தந்திரம் வருகிறது. விபிஎஸ், ஜேஎஸ் ஆகிய இரண்டு வால்களையும் நோட்பேடில் திறக்கும்படி வைத்துக் கொடுங்கள். தவறித் தொட்டாலும் ஓடாது, எழுத்தாகத்தான் திறக்கும். சாதாரண வீட்டுக் கணினிக்கு இதனால் எந்த இடைஞ்சலும் வராது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-க்கு மாற்றச் சொல்லி உங்களிடம் வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள். இதில் சிலருக்கு அழித்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது என்பது எனக்கும் தெரியும். அப்படி அழிக்கும் முன் ஆப்டேட்டா கோப்புறையை முழுதாக, அதன் உள்ளே ரோமிங், லோக்கல் இரண்டையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். அவுட்லுக்கின் கடிதங்கள் இருக்கும் பிஎஸ்டி என்ற வாலுள்ள கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்று சி டிரைவ் முழுவதும் தேடுங்கள். “மெயில் எதுல பாக்குறீங்க, பழைய மெயில் எல்லாம் போன்லயும் தெரியுதா?” என்று கேளுங்கள். போனில் தெரியவில்லை என்றால் அந்தக் கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், புதிய விண்டோஸில் பிடிஎஃப்புக்கும் படங்களுக்கும் மெயிலுக்கும் அவர் பழகிய மென்பொருளையே வைத்துக் கொடுக்கலாம். கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரையே உட்காரவைத்து ஒரு பிடிஎஃப்பையும் ஒரு வேர்டு கோப்பையும் ஒரு மெயில் முகவரியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதை எதற்கு மாற்றினீர்கள் என்று பில்லின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அடுத்த அப்டேட்டில் அது மறுபடி மாறினால், அந்தச் சீட்டை வைத்து அவரே சரிசெய்துகொள்ள நான் கற்றுக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்கு ஆட்களை அனுப்பிவைக்கும் ஒரு கணினிப் பயிற்றுநர்